முகாம் அன்று மாட்டை மேய்ச்சலுக்கு விடாதீங்க

(மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லைங்க. அரசுத் திட்டங்களைப் பற்றி மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது என் வேலை. தடுப்பூசி முகாம்களைப் பற்றி எழுதுவதற்காகக் கால்நடை மருத்துவர்களோடும் ஆய்வாளர்களோடும் ஊர் ஊராகப் போனேன். அங்கே பார்த்தது, கேட்டது, அவர்களிடம் நான் கேட்டுத் தெளிந்தது, இவற்றைத்தான் இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

எங்க வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேனே.

எங்க பாட்டி நாட்டுக்கோழி வளர்ப்பாங்க. நான் கல்லூரிக்குப் போன நாட்களில் பஸ் காசு அந்த முட்டைக் காசுதான். ஒரு கோடையில் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் ரெண்டு கோழி எழுந்திருக்கவே இல்லை. மற்றவை இறக்கையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். ஒன்றுக்குக் கழுத்து திருகிப் போயிருந்தது. பாட்டி சின்ன வெங்காயம் கொடுத்தாங்க, பூண்டு கொடுத்தாங்க. அப்புறம் மருந்துக் கடையில் மனுஷருக்குக் கொடுக்கிற கேப்சூலை வாங்கி, பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாங்க. நான்கே நாளில் பதினாலு கோழியில் ஒன்றுதான் மிஞ்சியது.

அந்த வருஷம் பிப்ரவரியில் எங்க ஊரில் கோழிக்குத் தடுப்பூசி முகாம் நடந்திருந்தது. "நல்லாத்தானே மேயுது, அதுக்கு எதுக்கு ஊசி?" என்று பாட்டி கொண்டுபோகவில்லை. என் பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். நன்றாக இருக்கிற பிராணிக்கு எதுக்கு ஊசி?

மருந்து வேறு, தடுப்பூசி வேறு

பாட்டி கொடுத்த கேப்சூல் ஆன்டிபயாட்டிக். அது பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. கோழிகளுக்கு வந்தது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அது வைரஸ் நோய். மாட்டுக்கு வரும் கோமாரி, ஆட்டுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோய், மாட்டின் தோலில் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோய், எல்லாமே வைரஸ் நோய்கள்தான். வந்த பிறகு வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. புண்ணைக் கழுவலாம், காய்ச்சலைக் குறைக்கலாம், புண்ணில் வேறு கிருமி சேராமல் பார்க்கலாம். வைரஸை வெளியேற்ற வேண்டியது பிராணியின் உடம்பேதான்.

அந்த உடம்பைப் போருக்கு முன்னாலேயே தயார் செய்வதுதான் தடுப்பூசி. கொல்லப்பட்ட கிருமியையோ வலுவிழக்க வைத்த கிருமியையோ கொஞ்சமாக உள்ளே செலுத்துகிறார்கள். உடம்பு அதை எதிரி என்று அடையாளம் கண்டு, எதிர்ப்பொருள்களை உண்டாக்கப் பழகுகிறது. ஆன்டிபாடி என்று கேள்விப்பட்டிருப்பீங்களே, அதுதான் எதிர்ப்பொருள். பிறகு உண்மையான கிருமி வந்தால், முன்பே ஆளைத் தெரிந்த காவல்காரர் மாதிரி உடம்பு உடனே மடக்கிவிடும்.

ஆனால் இந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது. இரண்டு மூன்று வாரம் ஆகும். பக்கத்துத் தெருவில் நோய் வந்த பிறகு ஓடிப்போய் ஊசி போட்டால், ஏற்கெனவே உள்ளே கிருமி புகுந்துவிட்ட பிராணியைக் காப்பாற்ற முடியாது. "ஊசி போட்டதாலதான் செத்துப் போச்சு" என்ற பேச்சு பல ஊர்களில் இப்படித்தான் கிளம்புகிறது. ஊசிக்கு முன்பே நோய் உள்ளே இருந்திருக்கும்.

கன்றுக்கு முதல் தடுப்பு சீம்பால்

ஊசி இல்லாமலே கிடைக்கிற ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதை நாம்தான் வீணாக்குகிறோம்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே கொஞ்சம் எதிர்ப்பொருள் கிடைத்துவிடும். கன்றுக்கு அப்படி இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் கடக்காது. கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அது முழுக்க நம்பியிருப்பது சீம்பாலைத்தான். அதிலும் ஒரு கெடு உண்டு. பிறந்த முதல் சில மணி நேரம்தான் கன்றின் குடல் சீம்பாலின் எதிர்ப்பொருளை அப்படியே இரத்தத்துக்குள் விடும். நேரம் போகப் போகக் கதவு மூடிக்கொண்டே வரும். ஒரு நாள் ஆனால் மூடிவிடும்.

நம்ம ஊரில் என்ன செய்கிறோம்? "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் கன்னுக்குட்டியை ஊட்ட விடலாம்" என்கிறோம். நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரம் ஆனால், கன்றுக்கு எட்டு மணி நேரம் நட்டம். தயவுசெய்து காத்திருக்காதீங்க. கன்று எழுந்து நின்றதும், இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுங்கள். கன்று ஊட்டினால் நஞ்சுக்கொடி விழவும் அது உதவும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீம்பால் போக வேண்டும். 25 கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர். பலமுறையாகப் பிரித்துக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்குச் சீம்பால் கொடுக்கிற நம்ம பழக்கம் நல்லதுதான். கன்று குடித்தது போக மிச்சத்தைக் கொடுங்கள்.

தாய்ப் பசுவுக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போட்டிருந்தால், அந்த எதிர்ப்பொருள் சீம்பாலில் இறங்கும். அதாவது தாய்க்குப் போட்ட ஊசி கன்றையும் காக்கிறது.

கோழியிலும் இதே கதைதான். தாய்க்கோழியின் எதிர்ப்பொருள் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குப் போகும். ஆனால் அது சில வாரம்தான் தாங்கும். அது இருக்கும்வரை தடுப்பு மருந்தின் வேலையையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதனால்தான் குஞ்சுக்கு ஒரே தடவை மருந்து கொடுத்து நிறுத்துவதில்லை. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வார வாக்கில் மறுபடி. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் ஊசி. "மூணு தடவை எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் காரணம்.

ஒரு நோயையே ஒழித்த கதை

வயதானவர்கள் இங்கே இருந்தால் வெக்கை நோய் ஞாபகம் இருக்கும். வந்தால் தொழுவமே காலியாகும். மாடு போனால் உழவு போனது, உழவு போனால் சோறு போனது. இன்று அந்த நோய் உலகத்தில் எங்கேயும் இல்லை. 2011-இல் உலகமே வெக்கை நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியாக, பூமியிலிருந்து முற்றிலும் ஒழிக்கப்பட்ட நோய் அது ஒன்றுதான்.

அந்தக் கதையில் நம் மாநிலத்துக்கும் இடம் இருக்கிறது. இராணிப்பேட்டையில் 1932-இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். வெக்கை நோய்க்கு எதிரான ஊநீர் தயாரிப்பதுதான் அதன் முதல் வேலை. நோயை எதிர்த்து வென்ற பிராணியின் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்து, நோய் அண்டக்கூடிய மாட்டுக்கு ஏற்றுவதுதான் ஊநீர். உடனே வேலை செய்யும், ஆனால் சில வாரத்தில் கரைந்து போகும். நீண்ட காலப் பாதுகாப்புக்குத் தடுப்பூசிதான் வழி என்று ஆனது. அதே நிலையம் இன்று கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் என்ற பெயரில் நம் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து தயாரிக்கிறது.

இந்தியாவில் கடைசியாக வெக்கை நோய் பதிவானது 1995-இல், நம் தமிழ்நாட்டில்தான். அதற்குப் பிறகு ஒரு மாடு கூட இல்லை. 2006-இல் இந்தியா இந்த நோயற்ற நாடு என்று அங்கீகாரம் பெற்றது. ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாக ஊசி போட்டவர்களும், மாட்டைப் பிடித்துக் கொடுத்தவர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

வெக்கை நோய்க் கிருமியின் நெருங்கிய சொந்தம்தான் ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி. அதை 2030-க்குள் உலகத்திலிருந்து ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இதற்கான தடுப்பூசிக்கு நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே கிருமி வகைகளை உருவாக்கியிருக்கிறது. அவற்றின் பெயரே அரசூர், கோயம்புத்தூர் என்று நம்ம ஊர்ப் பெயர்கள். ஆட்டுக்கு ஒரு ஊசி போட்டால் மூன்று வருஷம் வரை பாதுகாப்பு. நாலு ஆடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, ஆபத்துக்கு விற்கிற வங்கிக் கணக்கே அந்த ஆடுதான். மூன்று வருஷத்துக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்க மாட்டோமா?

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

முகாம்களில் என் காதில் விழுந்த கேள்விகள் இவை. பதில்கள் மருத்துவர்கள் சொன்னவை.

"ஊசி போட்டா பால் குறையுமே?"

குறையலாம். மறைக்க வேண்டியதில்லை. ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சலும், பாலில் கொஞ்சம் குறைவும் சில மாடுகளுக்கு வரும். ஊசி போட்ட இடத்தில் சின்ன வீக்கம் இருக்கும். பிறகு சரியாகிவிடும். ஆனால் கோமாரி வந்தால் வாயிலும் குளம்பிலும் புண், தின்ன முடியாது, நிற்க முடியாது. பிழைத்தாலும் பல மாடுகள் பழைய கறவைக்குத் திரும்புவதில்லை. பால் குடிக்கும் கன்று திடீரென்று செத்துப் போகும். ரெண்டு நாள் பாலையும் ஒரு ஈத்துப் பாலையும் எடை போட்டுப் பாருங்க.

"சினை மாட்டுக்குப் போடலாமா?"

எத்தனை மாதச் சினை என்பதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறைமாதச் சினையாக இருந்தால் ஈன்ற பிறகு போடச் சொல்வார்கள். காய்ச்சலோ வேறு நோயோ இருந்தாலும் சொல்லிவிடுங்கள். எதையும் மறைக்கக் கூடாது.

"போன தடவை போட்டாச்சே?"

கோமாரி ஊசியின் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்காது. அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நான்கு மாதம் ஆன கன்றுக்கு முதல் ஊசி, ஒரு மாதத்தில் இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒரு சுற்றை விட்டால், அடுத்த சுற்று வரை அந்த மாடு பாதுகாப்பில்லாமல் நிற்கிறது.

"என் மாடு வெளியே போகாது, தொழுவத்திலேயே நிக்குது."

கோமாரிக் கிருமி பிராணி மேல் மட்டும் வருவதில்லை. தீவனத்தில், வண்டிச் சக்கரத்தில், சந்தைக்குப் போய் வந்தவர் செருப்பில் கூட வரும். காற்றிலும் பரவும். ஊரில் பெரும்பாலான மாடுகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் கிருமிக்குத் தங்க இடம் இருக்காது. உங்கள் மாட்டுக்குப் போடும் ஊசி பக்கத்து வீட்டுக் கன்றுக்கும் வேலி.

"மருந்தை வாங்கி வீட்டில் வெச்சிக்கலாமா?"

கூடாதுங்க. தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் கெட்டுவிடும். கோமாரி மருந்து ஐஸாக உறைந்தாலும் கெட்டுவிடும். கெட்டுப்போனது பார்த்தால் தெரியாது. ஊசி போட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே பாதுகாப்பு இருக்காது. அதனால்தான் ஐஸ் பெட்டியோடு அவர்கள் அதிகாலையில் வருகிறார்கள். கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்து என்றால், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலக்கவே கூடாது. குளோரின் அந்த மருந்தில் உள்ள உயிருள்ள கிருமியைக் கொன்றுவிடும். கலந்ததை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கோழிகள் குடித்து முடிக்க வேண்டும்.

பெண் கன்றுக்கு ஆயுளில் ஒரு ஊசி

கன்று வீச்சு நோய் என்று ஒன்று. சினையின் பின்பாதியில் கன்று விழுந்துவிடும். நஞ்சுக்கொடி தங்கிவிடும். அடுத்த சினை பிடிக்கத் தாமதமாகும். இது மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக் கணக்கில் படுத்தும். நம் வீடுகளில் மாட்டைப் பார்ப்பது பெரும்பாலும் பெண்கள்தான். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பதும் அவர்கள்தான். ஆகவே இது உங்கள் உடம்பு சம்பந்தப்பட்டதும் கூட.

இதற்கு 4 மாதம் முதல் 8 மாதம் வரையிலான பெண் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே ஒரு ஊசி. காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடுவதில்லை. அந்த வயதைத் தவறவிட்டால் அவ்வளவுதான். கிடேரிக் கன்று பிறந்த தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்துவிடுங்கள். இது உயிருள்ள கிருமியால் ஆன மருந்து என்பதால் பயிற்சி பெற்றவர்கள்தான் கையுறையோடு போடுவார்கள். நீங்கள் தொடாதீர்கள். கன்று விழுந்தால் கையுறையோ கெட்டியான பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பாலை எப்போதும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

கடித்த பிறகும், காயத்துக்குப் பிறகும்

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே சிகிச்சை செய்கிற சந்தர்ப்பமும் உண்டு. வெறிநாய் கடித்த மாட்டுக்கு, நோய் குறி தெரிவதற்கு முன்பே தொடர் தடுப்பூசி போட்டால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. குறி தெரிந்த பிறகு முடியாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கழுவும்போது கையுறை போடுங்கள். அந்த மாட்டின் எச்சில் உங்கள் கைக் காயத்தில் பட்டிருந்தால் நீங்களும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

அதேபோல ஆழமான காயம், துருப்பிடித்த ஆணி குத்தியது என்றால் ரண ஜன்னி வராமல் இருக்க, ஆயத்தமாக உள்ள எதிர்ப்பொருளை மருத்துவர் ஊசியாக ஏற்றுவார். அந்தக் காலத்து ஊநீர் வைத்தியம் இன்றும் இப்படி உயிரோடுதான் இருக்கிறது.

இன்னொன்று. நோய் வராமல் தடுத்தால் ஆன்டிபயாட்டிக் தேவையும் குறையும். தேவையில்லாமல் கொடுக்கும் மருந்தால் கிருமிகள் அந்த மருந்துக்கே பழகிவிடுகின்றன. பிறகு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதும் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான பிராணிகளிலும் கோழிகளிலும் பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முகாம் தேதியை ஊராட்சியிலும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோழிக்கான முகாம் வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். கோமாரி, கன்று வீச்சு நோய் ஊசிகளுக்குக் கட்டணம் இல்லை. தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவை இலவசம்.

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். வயிறு நிறையப் புழு இருந்தால் தடுப்பூசிக்கு உடம்பு சரியாக ஈடுகொடுக்காது.

அன்று காலை மாட்டை மேய்ச்சலுக்கு விடாதீர்கள். மாட்டுக்குப் பழகிய ஆள் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் வேலைக்குப் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

காது வில்லை போடுவதை மறுக்காதீர்கள். அதில் உள்ள 12 இலக்க எண்ணில்தான் எந்த ஊசி எப்போது போட்டது என்பது பதிவாகிறது. காப்பீடு எடுக்கும்போதும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

நோய் தெரிந்தாலோ பிராணி திடீரென்று இறந்தாலோ 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைக்கலாம். மூக்கிலும் வாயிலும் இரத்தம் வழிய மாடோ ஆடோ திடீரென்று செத்துக் கிடந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். மருத்துவர் வரும்வரை யாரையும் தொட விடாதீர்கள்.

பாட்டி கதையை முடிக்காமல் விட்டேன். மிஞ்சிய அந்த ஒரு கோழி மறுபடி அடை உட்கார்ந்தது. குஞ்சுகள் பொரிந்த ஏழாம் நாள், பாட்டி ஒரு பழைய கூடையில் அவற்றைப் போட்டு மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாங்க. அடுத்த பிப்ரவரி முகாமில் பொழுது விடியும் முன்னே பஞ்சாரத்தைத் திறக்காமல் காத்திருந்தது எங்க வீடுதான். தெருவில் இருந்தவங்களையும் பாட்டியே கூப்பிட்டாங்க. "நல்லா மேயும்போதே போட்டுடணும்"னு இப்போ அவங்களே சொல்றாங்க.

உங்க தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருங்க.